வீட்டுப் பற்றரி

பக்கவாதம் வந்த பிறகு என் கணவரிடம் மிஞ்சியது ஆம் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல். ஓம். பசிக்கிறதோ என்று கேட்டால் ஓம் என்பார். பசிக்கவில்லையோ என்று கேட்டாலும் ஓம்தான். வெளிநாட்டிலிருக்கும் மகள் தொலைபேசியில் வந்து, "அப்பா, என்னைத் தெரியுதோ?" என்று அழுதபோதும் ஓம் என்றார். சிலவேளை அந்தச் சொல்லையே அடுக்கடுக்காக, இடது கையை ஆட்டி, கோபத்தோடு சொல்வார். எதையோ சொல்ல முயல்கிறார் என்று மட்டும் விளங்கும். எதை என்று விளங்காது.

வவுனியா ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் எனக்கு விளங்கப்படுத்தினா.

"நீங்க சொல்லுறது அவருக்கு விளங்குது அம்மா. அவர் சொல்ல நினைக்கிறதும் தலைக்குள்ள சரியாத்தான் கிடக்குது. வாயால வரேக்கை எல்லாம் ஓம் எண்டு வருது. அதால அவர் ஓம் எண்டு சொன்னா உடன நம்பிப்போடாதேங்கோ. முகத்தைப் பாருங்கோ."

முகத்தின் வலது பாதி தொங்கிப் போயிருந்தது. சிரிப்பும் அழுகையும் அதில் ஒரே மாதிரித்தான் தெரிந்தன.

கையோடு ஒரு மட்டையும் தந்தா. அதில் தண்ணீர்க் குவளை, சோற்றுக் கோப்பை, கழிப்பறை, கட்டில், நோகிற தலை என்று சின்னச் சின்னப் படங்கள். அவருக்கு என்ன வேண்டுமோ அதை அவர் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். வீட்டில் அந்த மட்டை ஓரளவு உதவியது. எங்கள் வான் வண்டிக்குள் உதவவில்லை.

வானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் முள்ளியவளையில் இருக்கிறோம். நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். அவர் நெடுங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார், பழைய உயரக் கூரை வான் ஒன்றில். கண் கொஞ்சம் மங்கத் தொடங்கியதும் அந்தத் தொழிலை விட்டார், வானை மட்டும் விடவில்லை. இருக்கைகளை எல்லாம் கழற்றிவிட்டு, உள்ளே கட்டில் அடித்தார். கட்டிலின் கீழே பெட்டிகள். கதவோரம் ஒரு காஸ் அடுப்பு. கூரையில் சோலார் தகடு. இன்சுலின் வைப்பதற்கென்று ஒரு குட்டி பிரிட்ஜும் வாங்கிப் பூட்டினார். அவருக்கு நீரிழிவு வந்து பல வருடம்.

"உங்களுக்கு என்ன விசரோ? வீடு இருக்கேக்கை வானுக்குள்ள ஏன் படுக்கிறது?" என்று கேட்டேன்.

"சண்டைக் காலத்திலை எத்தினை தரம் வீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினனாங்கள். ஒருக்காலும் நாங்கள் நினைச்ச இடத்துக்கு ஓடேல்லை. இனி நாங்கள் நினைச்ச இடத்துக்கு ஓடுவம்" என்றார்.

எனக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. நாயாற்றுக் கடற்கரைக்குப் போனோம். மடுவுக்குப் போனோம். ஒருமுறை திருகோணமலை வரை போய், கடலைப் பார்த்தபடி வானுக்குள்ளேயே புட்டு அவித்துச் சாப்பிட்டோம்.

மின்சார வேலை எல்லாம் அவருடையதே. அவர் அதை யாரிடமும் படித்தவரல்ல. கைத்தொலைபேசியில் பார்த்துப் பார்த்துச் செய்தார். வானுக்கு இரண்டு பற்றரி. முன்னால் இருப்பது எஞ்சினுக்கு. கட்டிலின் கீழே இருப்பதை அவர் வீட்டுப் பற்றரி என்று சொல்வார். லைற், ஃபான், பிரிட்ஜ் எல்லாம் வீட்டுப் பற்றரியில் ஓடும். பகலில் சோலார் அதை நிரப்பும். வெயில் இல்லாத நாட்களுக்கென்று ஒரு பெரிய சிவப்புச் சுவிச் இருந்தது. அதைத் திருப்பினால் இரண்டு பற்றரியும் ஒன்றாகச் சேர்ந்து, எஞ்சின் ஓடும்போது இரண்டுக்கும் சார்ஜ் ஏறும். நான் அறிந்தது இவ்வளவுதான். கட்டிலின் கீழே பலகையைத் தூக்கினால் தெரியும் வயர்க் கூட்டம், குடல் மாதிரி. எது எங்கிருந்து எங்கே போகிறது என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

பிறகு ஒரு காலையில், கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, கிழமைதோறும் வவுனியாவுக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். வாரத்தில் அடுத்தடுத்து இரண்டு நாள். கால் இழுபடும் ஆளை பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஓட்டோவில் அவ்வளவு தூரம் குலுங்கிப் போகவும் முடியாது. வவுனியாவில் எனக்குத் தங்கை முறையான ஒருத்தி இருக்கிறாள். அவள் இருப்பது மாடி வீடு. படியேறுவது நடக்காத காரியம். ஆனால் கீழே வளவு இருந்தது. வானைக் கொண்டுபோய் அந்த வளவில் நிறுத்தி, இரண்டு நாளும் அதற்குள்ளேயே இருந்து, பயிற்சி முடிந்ததும் திரும்பி வரலாம். அவர் ஆசைக்குச் செய்த வான் அப்படித்தான் எங்களுக்கு ஆஸ்பத்திரி விடுதியாயிற்று.

ஓட்டுவதற்கு எங்கள் ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி இருப்பவர் ஒருவர் வந்தார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவர் பிறந்து வளர்ந்தது இங்கேதான் என்றாலும் பேச்சில் தாய் தகப்பனின் வாடை இருக்கும். உழவு இயந்திரம் ஓட்டுபவர். பொறுமைசாலி. என் கணவரைத் தூக்கி இருத்தும்போது, "அண்ணே, கழுத்தைக் கட்டிப் புடிச்சுக்கங்க" என்பார், மெதுவாக.

நான் சொல்ல வந்தது மாரிகாலத்தில் ஒரு கிழமை நடந்ததை.

அந்த இரண்டு நாளும் வவுனியாவில் வெயிலே இல்லை. தூறலும் மூட்டமும். இரண்டாம் நாள் பயிற்சி முடிந்து வளவுக்கு வந்து பார்த்தபோது, பிரிட்ஜின் பச்சை லைற் அணைந்து போயிருந்தது. ஃபான் சுற்றவில்லை. அன்று காலையில்தான் கிளினிக்கில் அவருக்குரிய இன்சுலின் போத்தல்களைத் தந்திருந்தார்கள். நான் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பிரிட்ஜைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றேன்.

வானோட்ட வந்தவர் கட்டிலின் கீழே குனிந்து பார்த்தார்.

"சோலாருக்கு வெயில் இல்லேக்கா. பின் பற்றரி செத்துப்போச்சு. அண்ணன் ஒரு சிவப்புச் சுவிச் வச்சிருக்காரே, அதைத் திருப்பினா வண்டி ஓட ஓடச் சார்ஜ் ஏறிரும். வீடு போய்ச் சேர்றதுக்குள்ள சரியாயிரும்."

அவர் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. என்றாலும் கேளாமல் தொட மனம் வரவில்லை. முன் இருக்கையில் இருந்த என் கணவரிடம் போய்க் கேட்டேன்.

"இஞ்சருங்கோ, அந்தச் சிவப்புச் சுவிச்சைத் திருப்பட்டோ?"

"ஓம்" என்றார். சொல்லிக்கொண்டே இடது கையால் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். கண் விரிந்திருந்தது.

மிஸ் சொன்னது நினைவிருந்தது. முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒருவர் அவரிடம் வானைப் பற்றி அபிப்பிராயம் கேட்கிறார், அந்தச் சந்தோஷம் என்று நினைத்தேன். கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, "திருப்புங்கோ தம்பி" என்றேன்.

எஞ்சின் முழங்கியதும் ஃபான் சுற்றத் தொடங்கியது. பிரிட்ஜில் பச்சை லைற் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். போத்தல்களை உள்ளே வைத்து மூடினேன்.

ஏ9 வீதியால் வந்து, புளியங்குளத்தில் திரும்பி, நெடுங்கேணிப் பாதையில் ஏறிக் கொஞ்சத் தூரம் போயிருப்போம். இரண்டு பக்கமும் காடு. முன் இருக்கையில் இருந்த என் கணவர் திடீரென்று, "ஓம்! ஓம்!" என்று கத்தத் தொடங்கினார்.

தண்ணீரை நீட்டினேன். தட்டிவிட்டார். மட்டையை எடுத்து முன்னால் பிடித்தேன். "இதோ? இதோ? தலையிடிக்குதோ?" ஒவ்வொரு படமாகத் தொட்டுக் காட்டினேன். "ஓம், ஓம், ஓம்" என்று மட்டையைப் பறித்துக் கீழே எறிந்தார். கழிப்பறைப் படத்தில் என் விரல் இருந்தபோது எறிந்தபடியால், அதுதான் அவசரம் என்று எனக்குப் பட்டது.

"தம்பி, ஓரமா நிப்பாட்டுங்கோ. அவருக்கு ஒண்டுக்குப் போகவேணும் போல."

வானை நிறுத்தி, நாங்கள் இரண்டு பேருமாக அவரை இறக்கி, ஒரு மரத்தடிக்குக் கூட்டிப் போனோம். அவர் போகவில்லை. உடம்பை முறுக்கி, வானின் பக்கமே திரும்பி நின்றார். இடது கையை வானை நோக்கி நீட்டி, ஓம் ஓம் என்றார். வானுக்குப் போக வேண்டும் என்கிறார் என்று விளங்கிக்கொண்டோம். திரும்பவும் கொண்டுபோய் ஏற்றினோம். ஏறமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டார். "பிடிவாதம் பிடியாதேங்கோ" என்று சொல்லி, விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்ளே இருத்திப் பெல்ட்டைப் போட்டேன். அவர் மூச்சு வாங்கியது. கண்ணால் தண்ணீர் ஓடியது. அவருக்கு இப்போதெல்லாம் காரணமில்லாமலும் கண்ணீர் வரும், அதனால் துடைத்துவிட்டேன்.

வான் மறுபடி ஓடியது. எனக்கு மணத்தது அதற்குப் பிறகுதான். பிளாஸ்ரிக் எரிகிற மணம்.

திரும்பிப் பார்த்தேன். மெத்தையின் ஓரத்தால் புகை நூலாக எழும்பிக்கொண்டிருந்தது.

"நிப்பாட்டுங்கோ! நெருப்பு!"

வானோட்டி வானை நிறுத்தி, எஞ்சினையும் நிறுத்திவிட்டுப் பாய்ந்து வந்தார். முதலில் என் கணவரை இழுத்து இறக்கினோம். இந்தத் தடவை மெதுவாக இறக்க நேரமில்லை. அவரது முழங்கால் தார் ரோட்டில் உரசியது. தூரத்தில் ஒரு மரத்தோடு சாத்தி இருத்திவிட்டு நான் ஓடி வந்தபோது, வானோட்டி காஸ் சிலிண்டரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு காட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார். சிலிண்டரை நான் மறந்தே போனேன்.

மெத்தையை இழுத்து வெளியே போட்டோம். கட்டிலின் கீழே சிவப்புச் சுவிச் உருகிக் கோணலாகப் போயிருந்தது. அதைத் திருப்ப முயன்ற வானோட்டி கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார். எஞ்சின் நின்ற பிறகும் புகை நிற்கவில்லை.

"முன் பற்றரியைக் கழட்டணும் அக்கா! ஸ்பனர்! ஸ்பனர் எடுங்க!"

என் கணவர் பின்கதவின் உட்பக்கத்தில் எல்லா ஆயுதங்களையும் மாட்டி வைத்திருந்தார். குறடு, ஸ்குறூ ட்ரைவர்கள், வயரின் தோலை உரிக்கிற சாமான், மீற்றர், சிறிதிலிருந்து பெரிதுவரை வரிசையாக ஸ்பனர்கள். எது வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றைக் கழற்றிக்கொண்டு ஓடினேன். "பெருசு அக்கா!" இன்னொன்றை எடுத்து ஓடினேன். அது பிடிக்காமல் வழுகியது. ஒன்று கை தவறிப் புல்லுக்குள் விழுந்துவிட்டது. மரத்தடியில் இருந்து அவர் விடாமல் கத்திக்கொண்டிருந்தார், ஓம் ஓம் என்று. எது சரியான ஸ்பனர் என்று அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். என்னால் அதை அவரிடமிருந்து எடுக்க முடியவில்லை. கடைசியில் சேலைத் தலைப்பில் எல்லா ஸ்பனரையும் அள்ளிப்போட்டுக்கொண்டு போய் வானோட்டியின் முன்னால் கொட்டினேன். அவர் ஒன்றைத் தெரிந்து எடுத்து, பற்றரியின் பிடியைக் கழற்றினார்.

புகை மெல்ல மெல்லக் குறைந்தது. கருகிய இடத்தின் மேல் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டோம். பிறகு நாங்கள் இரண்டு பேரும் ரோட்டோரத்தில் குந்திவிட்டோம். என் கணவர் கத்துவதை நிறுத்தியிருந்தார். அவருடைய முழங்காலில் இரத்தம். நான் போய்ப் பக்கத்தில் இருந்து, "சொன்னீங்கள்தானே. நீங்கள் சொன்னனீங்கள்தானே" என்று திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

தூறல் மழையாயிற்று. நெடுநேரம் வாகனம் எதுவும் வரவில்லை. வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் நின்று, பார்த்து, பாவப்பட்டுவிட்டுப் போனார். பிறகு விறகு ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று வந்தது. கயிறு கட்டி எங்களைப் புளியங்குளத்துக்கு இழுத்துக்கொண்டு போய், சந்திக்குக் கிட்ட, வாகனம் திருத்தும் ஒரு கராச்சின் வாசலில் விட்டார்கள்.

இறங்கியதும் எனக்கு இன்சுலினே நினைவு. பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. கடைக்கார அம்மா என் கோலத்தைப் பார்த்துப் பயந்து போனா. உடுப்பெல்லாம் கரியும் மண்ணும்.

"அக்கா, இந்த மருந்தைக் கொஞ்ச நேரம் உங்கட பிரிட்ஜிலை வைக்கேலுமோ?"

"வையுங்கோ. உள்ளுக்கு மீன் கிடக்கு, மணம் பிடிக்கும், பறவாயில்லையோ?"

"பறவாயில்லை அக்கா."

அவா மீனை ஒதுக்கி, போத்தல்களை ஒரு சின்னச் சட்டிக்குள் வைத்து மேல் தட்டில் வைத்தா. பிறகு எனக்கு ஒரு தேத்தண்ணீர் ஊற்றித் தந்தா. நான் அதைக் குடிக்காமல் கொண்டுபோய் என் கணவருக்குப் பருக்கினேன்.

கராச்சில் வயரிங் வேலை செய்பவர் ஐம்பது வயது இருக்கும். கட்டில் பலகையை முழுவதும் கழற்றி வெளியே வைத்துவிட்டு, ரோச் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார்.

"அக்கா, இதைச் செய்தது ஆர்?"

"இவர்தான்."

"எல்லாத்துக்கும் சிவப்பு வயர் போட்டிருக்கிறார். போறதும் சிவப்பு, வாறதும் சிவப்பு. எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை." பிறகு கருகிய இடத்திலிருந்து எதையோ குறட்டால் இழுத்து எடுத்தார். கறுத்துப்போன முறுக்குக் கம்பி. "இந்தச் சுவிச்சுக்கு முன்னால ஒரு பெரிய பியூஸ் இருக்கவேணும். அது முந்தி எரிஞ்சிருக்கு. அதுக்குப் பதிலாக் கம்பியை முறுக்கி விட்டிருக்கிறார். சார்ஜ் இறங்கின பற்றரி இழுக்கிற இழுவைக்கு பியூஸ் எண்டா எரிஞ்சு நிண்டிருக்கும். கம்பி நிக்குமோ? சூடாகிக்கொண்டே இருக்கும்."

"அவர் அப்பிடிச் செய்யிற ஆள் இல்லைத் தம்பி."

"தற்காலிகமாத்தான் செய்திருப்பார் அக்கா. சாமான் கிடைக்காட்டி நாங்களும் செய்யிறதுதான்."

அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. விழுவதற்குக் கொஞ்ச நாள் முந்தி, "கொழும்பிலை இருந்து ஒரு சாமான் வரவேணும். அது வரும்வரைக்கும் எங்கையும் வெளிக்கிடேலாது" என்று சொல்லியிருந்தார். நான் வானின் சக்கரத்துக்கு ரயராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்ததற்கு இதுதான் காரணம். அந்த ஓம், திருப்பாதே என்ற ஓம்.

வேலைக்காரர் பொறுமையாகத்தான் முயன்றார். என் கணவரைக் கதிரையோடு தூக்கி வானின் வாசலில் வைத்தோம். ஒவ்வொரு வயராகப் பிடித்துக் காட்டினார்.

"அண்ணை, இது பிரிட்ஜுக்குப் போறதோ?"

"ஓம்."

"அப்ப இது?"

"ஓம்."

"அண்ணை, இது எது எண்டு கையாலை காட்டுங்கோ. லைற்றோ, ஃபானோ?"

என் கணவர் இடது கையைத் தூக்கினார். லைற்றுக்கும் ஃபானுக்கும் நடுவில் அந்தக் கை அங்குமிங்கும் அலைந்தது. பிறகு மடியில் விழுந்தது. மறுபடி தூக்கினார். மறுபடி விழுந்தது. வாய் எதையோ உருட்டிப் பார்த்தது. வெளியே வந்தது அந்த ஒரு சொல்தான். வேலைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். அதில் பற்றரிக்குப் படம் இல்லை.

என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போய், வேலைக்காரர் தணிந்த குரலில் சொன்னார்.

"அக்கா, நான் உண்மையைச் சொல்லுறன். இதை இப்பிடியே திருத்தித் தர எனக்குப் பயம். வேற எங்கை கம்பி முறுக்கிக் கிடக்கோ தெரியாது. எல்லாத்தையும் கழட்டி எடுக்கிறதெண்டா நிம்மதியா வீட்டை போவீங்கள். ஒரு லைற்றும் ஃபானும் நேர முன் பற்றரியிலை புது பியூஸோடை போட்டுத் தாறன். பிரிட்ஜை மறந்திடுங்கோ."

வானோட்டியைப் பார்த்தேன். அவர் சூடுபட்ட கையைத் தண்ணீருக்குள் வைத்தபடி, "நீங்கதான் சொல்லணும் அக்கா" என்றார்.

எங்கள் வீட்டில் இப்படியான முடிவு எதையும் நான் தனியாக எடுத்ததில்லை. யோசிக்க நேரம் கேட்டாலும் யாரிடம் போய் யோசிப்பது? என் கணவருக்கு முன்னால் குந்தி, அவருடைய இடது கையைப் பிடித்தேன்.

"எல்லாத்தையும் கழட்டப்போறம். வேற வழியில்லை. கோவியாதேங்கோ."

"ஓம்" என்றார். நான் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல முடியாது என்று தெரியும். எழும்பி, "கழட்டுங்கோ" என்றேன்.

முதல் வயரை வெட்டும் சத்தம் கேட்டதும் அவர் கதிரையிலிருந்து எழும்பப் பார்த்தார். விழப் போனவரை வானோட்டி தாங்கிக்கொண்டார். அந்தப் பிடிக்குள் இருந்தபடியே இடது கையை நீட்டி வேலைக்காரரின் சட்டையைப் பிடித்தார். பலமில்லாத பிடி. வேலைக்காரர் உதறவில்லை. கையில் குறட்டோடு அப்படியே நின்றார்.

"விடுங்கோ அண்ணை. விடுங்கோ. நான் கவனமா எடுக்கிறன்."

கொஞ்ச நேரத்தில் கை தானாகவே தளர்ந்தது. அதற்குப் பிறகு அவர் தலையைக் குனிந்துகொண்டார். வயர்கள் இழுபட்டு இழுபட்டு வெளியே வந்து விழுந்தன. சிவப்பாக ஒரு குவியல். பார்க்கப் பார்க்க வளர்ந்தது. இவ்வளவையும் எந்நேரம் செய்தார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் குசினிக்குள் நிற்கையில், சங்கக்கடைக்குப் போயிருக்கையில், சாமத்தியவீடு, செத்தவீடு என்று அலைகையில், அவர் கட்டிலின் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இழுத்திருக்கிறார்.

கடைக்கார அம்மா ஐஸைப் பொலித்தீன் பையில் கட்டி, இன்சுலினையும் அதற்குள் வைத்து, பழைய ஐஸ்கிறீம் பெட்டியில் போட்டுத் தந்தா. இருளுமுன் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அன்று அவர் என்னைச் சோறு தீத்த விடவில்லை. இடது கையால் தானே அள்ளினார். பாதி மடியிலும் பாதி நிலத்திலும் சிந்தியது. நான் கூட்டி அள்ளப் போனபோது காலால் தடுத்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் எங்கள் பெயருக்கு வந்த ஒரு பொதியைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கித் தந்திருந்தார். யாருக்கு அப்போது பிரித்துப் பார்க்கிற மனம்? அலுமாரிக்குள் போட்டது போட்டபடி கிடந்தது. மறுநாள் காலையில் அதை எடுத்துப் பிரித்தேன். உள்ளே பெருவிரல் அளவில் ஒரு பியூஸ், அதற்குரிய கூட்டோடு. இவ்வளவு சின்னச் சாமான்.

கொண்டுபோய் அவருடைய இடது கையில் வைத்தேன். உருட்டிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு பத்திரமாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, முற்றத்தில் நிற்கும் வானின் பக்கம் தலையை அசைத்தார். இந்தத் தடவை எனக்கு விளங்கியது. கூட்டிப் போய், கட்டிலில் இருத்தினேன். பலகைகளில் திருகாணி இருந்த ஓட்டைகள் வரிசை வரிசையாக வெறுமனே கிடந்தன. அவர் அவற்றை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. தேத்தண்ணீர் வைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, குசினிக்குள் நின்று அழுதேன்.

விஷயம் மகளுக்குப் போய்ச் சேர்ந்தது. தொலைபேசியில் பேசினாள்.

"அம்மா, அந்த வானை வித்துப்போடுங்கோ. அது ஆபத்து. ஆஸ்பத்திரிக்கு வேற வாகனம் பிடிப்பம்."

"அது அப்பான்ரை. அப்பாவைக் கேக்கவேணும்."

"அப்ப கேளுங்கோ."

கேட்டேன், அவள் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே. "வானை விப்பமோ?"

"ஓம்" என்றார்.

"பாத்தீங்களோ, அப்பாவே சொல்லிப்போட்டார்" என்றாள் மகள். அவளிடம் எப்படி விளங்கப்படுத்துவது? பிறகு பார்ப்போம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். வான் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. கிழமைதோறும் அதிலேதான் போய் வருகிறோம். இன்சுலினை ஐஸ் பெட்டியில் கொண்டு போகிறேன். புளியங்குளத்தில் கடைக்கார அம்மா ஐஸ் மாற்றித் தருகிறா. வான் நிற்கும் இடமெல்லாம், வேலைக்காரர் சொல்லித் தந்தபடி, புறங்கையால் வயரைத் தொட்டுச் சூடு பார்க்கிறேன். சூடு இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஏன் இல்லை என்று தெரியாது. அவர் முன் இருக்கையிலிருந்து திரும்பி நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சரியாகச் செய்கிறேனா, பிழையாகச் செய்கிறேனா என்று அந்த முகத்தில் நான் இன்னும் தேடுகிறேன்.

போன கிழமை பயிற்சி அறையின் கதவு திறந்து, மிஸ் ஓடிவராத குறையாக வந்தா.

"அம்மா, இண்டைக்கு ஒரு புதுச் சொல்லுச் சொன்னவர்! வாங்கோ, வாங்கோ."

நான் உள்ளே போனேன். மிஸ் அவருக்கு முன்னால் இருந்து, "ஐயா, இப்ப சொன்னதை அம்மாவுக்குச் சொல்லுங்கோ" என்றா.

அவர் என்னைப் பார்த்தார். வாயைக் கோணலாகத் திறந்து, நாக்கைத் தேடிப் பிடித்து, பெரிய பாரத்தைத் தூக்குகிற மாதிரிச் சொன்னார்.

"சரி."

மிஸ் கை தட்டினா. நானும் தட்டினேன். திரும்பி வரும்போது மழை இல்லை. ஏ9 வீதியில் வான் ஓடிக்கொண்டிருக்க, "காத்துக் கூடவோ, கண்ணாடியைக் கொஞ்சம் உயர்த்தட்டோ?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி" என்றார்.

கண்ணாடியைப் பாதிவரை உயர்த்திவிட்டு, அவருடைய முகத்தைப் பார்த்தபடி இருந்தேன்.